பழங்கால கிரேக்கர்களின் சாவு நம்பிக்கைகளைப் படிப்பது எப்படி: பாதாள வரைபடத்தை மூடிவிட்டுத் தொடங்குங்கள்

செத்த பிறகு என்ன ஆகும் என்று பழங்கால கிரேக்கர்கள் நம்பினார்கள் எனத் தேடிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு வரைபடம்தான். ஐந்து ஆறுகள், ஒரு படகோட்டி, மூன்று தலை நாய், மூன்று நீதிபதிகள், நல்லவர்களுக்கு இலீசியம், கொடியவர்களுக்கு டார்ட்டரஸ், மற்ற எல்லாருக்கும் அஸ்ஃபொடல் புல்வெளி. பார்க்க ஒழுங்காக இருக்கும், மனப்பாடம் செய்யவும் சுலபம். ஆனால் இந்தப் படத்தை முழுசாக அப்படியே நம்பிய ஒரு கிரேக்கரைக் கண்டுபிடிப்பது கடினம். வெவ்வேறு நூற்றாண்டுகளில் வெவ்வேறு ஊர்க்காரர்கள் சொன்னதைப் பின்னால் வந்தவர்கள் சேர்த்து ஒட்டியது அது, ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் கையும் அதில் கலந்திருக்கிறது. அதை வைத்துத் தொடங்கினால் அப்புறம் எந்தப் பழைய நூலைத் திறந்தாலும் முரண்பாடுதான் தெரியும், ஒன்றும் பிடிபடாது.

அதனால் என் யோசனை இது. அவர்கள் கை என்ன செய்தது என்று முதலில் பாருங்கள். வாய் என்ன சொன்னது என்பதை அப்புறம் பார்க்கலாம்.

காரணம் எளிது. கிரேக்கர்களுக்கு வேதநூல் கிடையாது, இதைத்தான் நம்ப வேண்டும் என்று ஊர் ஊராகக் கண்காணிக்கும் மதத் தலைமையும் கிடையாது. ஒரே தெருவில் ஒருவர் உயிர் காற்றோடு கலந்துவிடும் என்று நினைக்கலாம், அடுத்த வீட்டுக்காரர் எலூசிஸ் என்ற ஊரின் ரகசியத் திருவிழாவில் தீட்சை வாங்கியதால் கீழே தனக்கு நல்ல இடம் உண்டு என்று நம்பலாம், மூன்றாவது வீட்டுக்காரர் இதைப் பற்றி யோசிக்காமலேயே வாழ்ந்து முடிக்கலாம். வீட்டில் சாவு விழுந்தால் மூன்று பேரும் செய்தது ஏறக்குறைய ஒன்றுதான். நம்பிக்கை ஆளுக்கு ஆள் மாறியது, சடங்கு பல நூற்றாண்டுகள் நின்றது. நிலையாக இருப்பதைப் பிடித்துக்கொண்டு மாறுவதைப் படிப்பதுதான் வசதி.

குறிப்பேட்டில் எதை எழுதுவதற்கு முன்னாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: இது எந்த ஊர், எந்த நூற்றாண்டு, யார் சொல்வது? ஹோமர் பெயரில் உள்ள இலியட், ஒடிசி காவியங்கள் கி.மு. 8, 7ஆம் நூற்றாண்டுகளில் உருவானவை. தத்துவவாதி பிளேட்டோ எழுதியது கி.மு. 4ஆம் நூற்றாண்டில். நடுவில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது. இரண்டையும் ஒரே பத்தியில் போட்டு ‘கிரேக்கர்கள் இப்படி நம்பினார்கள்’ என்று எழுதாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

சாவு வீட்டிலிருந்து தொடங்குங்கள்

கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள், சான்றுகள் அதிகம் கிடைப்பது அங்கேதான். உயிர் பிரிந்ததும் கண்ணையும் வாயையும் மூடுவார்கள், தாடை தொங்காமல் இருக்கத் துணியால் கட்டுவதும் உண்டு. வீட்டுப் பெண்கள் உடலைக் குளிப்பாட்டி, எண்ணெய் பூசி, துணி போர்த்திக் கட்டிலில் கிடத்துவார்கள், பாதம் வாசலைப் பார்த்திருக்கும். வாசலில் ஒரு பாத்திரம் நிறையத் தண்ணீர் இருக்கும். அதுவும் வேறு வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர், ஏனென்றால் சாவு விழுந்த வீட்டுக்குத் தீட்டு. துக்கம் விசாரித்துவிட்டுப் போகிறவர்கள் அந்தத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டுதான் வெளியேறுவார்கள்.

கட்டிலைச் சுற்றி ஒப்பாரி. இது எப்படி இருந்தது என்று பார்க்க ஏதென்ஸ் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் உள்ள டிபிலோன் தாழியின் படத்தைத் தேடிப் பாருங்கள். கி.மு. 8ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது, ஒன்றரை மீட்டருக்கும் மேல் உயரம், ஒரு பெண்ணின் கல்லறை மேல் அடையாளமாக நின்றது. உடம்பு முழுக்கக் கோடும் கட்டமுமாக இருக்கும், நடுவில் மட்டும் ஒரு சிறிய பட்டையில் மனிதர்கள்: கட்டிலில் ஒருவர், இருபுறமும் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறவர்கள். முகம் கிடையாது, கண்ணீர் கிடையாது, வெறும் முக்கோண உடம்புகள்தான், ஆனாலும் துக்கம் நேராக வந்து சேர்கிறது. அதே கை அசைவு இருநூறு, முந்நூறு வருஷம் கழித்து வந்த பானைகளிலும் இருக்கிறது.

இந்த ஒப்பாரியைச் சட்டம் போட்டு அடக்கப் பார்த்தார்கள். கி.மு. 594ல் ஏதென்ஸுக்குச் சட்டம் எழுதிய சோலோன் பெண்கள் முகத்தைக் கீறிக்கொள்வதையும், முன்கூட்டியே இயற்றி வைத்த புலம்பல்களைப் பாடுவதையும், கல்லறையில் மாடு பலியிடுவதையும் தடுத்ததாகப் பிற்கால எழுத்தாளர் புளூட்டார்க் சொல்கிறார். நீதிமன்ற உரை ஒன்றில் வரும் சோலோன் சட்டம் இன்னும் நுணுக்கமானது: உடலைக் கிடத்திய மறுநாள் சூரியன் உதிக்கும் முன் எடுத்துவிட வேண்டும், ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால், அறுபது வயதுக்குக் குறைந்த பெண்களில் நெருங்கிய சொந்தக்காரர்கள் மட்டுமே கூட வரலாம். கேயோஸ் தீவின் ஒரு கல்வெட்டுச் சட்டம், மூன்று வெள்ளைத் துணிக்கு மேல் போர்த்தாதே, உடலை மூடி அமைதியாக எடுத்துப் போ என்கிறது, கல்லறைக்கு எடுத்துப் போகும் மதுவுக்கும் எண்ணெய்க்கும்கூட அளவு வைக்கிறது. இந்தச் சட்டங்களைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். செத்தவர் எங்கே போகிறார் என்பதைப் பற்றி ஒரு வரிகூட அவற்றில் இல்லை. ஊருக்கு அக்கறை சடங்கின் செலவிலும் சத்தத்திலும்தான், நம்பிக்கையில் அது தலையிடவே இல்லை.

எரிப்பதா புதைப்பதா என்பதை வைத்து நம்பிக்கையை ஊகிக்காதீர்கள். ஏதென்ஸில் ஒரே காலத்தில் இரண்டும் நடந்தது, ஒரே இடுகாட்டில் அருகருகே.

எல்லாம் முடிந்தபின் சொந்தக்காரர்கள் கூடி உண்ணும் சாப்பாடு, மூன்றாம் நாள், ஒன்பதாம் நாள், முப்பதாம் நாள் சடங்குகள், பிறகு வருஷா வருஷம் கல்லறைக்குப் போவது. பால், தேன், தண்ணீர், மது, எண்ணெய் எல்லாம் மண்ணில் ஊற்றப்பட்டன. கல்லைக் கழுவி எண்ணெய் பூசி, நடுகல்லைச் சுற்றி நாடா கட்டுவார்கள். குடும்பக் கல்லறையைப் பராமரிப்பது குடியுரிமையோடு சேர்ந்த விஷயம். ஏதென்ஸில் ஆர்க்கோன் என்ற உயர் அதிகாரிப் பதவிக்கு வருகிறவரிடம் கேட்கும் கேள்விகளில், உன் குடும்பக் கல்லறைகள் எங்கே இருக்கின்றன என்பதும் ஒன்று. பிள்ளை இல்லாதவர் தத்து எடுத்ததற்கும் இது ஒரு காரணம்: எனக்குப் பின்னால் வந்து ஊற்ற யாராவது வேண்டும்.

வருஷத்தில் ஒரு முறை செத்தவர்கள் ஊருக்குள் வருவதாகவும் ஒரு நம்பிக்கை இருந்தது. வசந்தத் தொடக்கத்தில் வரும் அந்தெஸ்தீரியா மூன்று நாள் திருவிழா, புது மதுவைத் திறக்கும் கொண்டாட்டம்தான், ஆனால் அந்த நாட்களில் ஆவிகள் அண்டாமல் இருக்கக் கதவுக்குத் தார் போன்ற கீல் பூசுவார்கள், ஒரு முட்செடியின் இலையை மெல்லுவார்கள். கடைசி நாளில் பல தானியங்களை ஒரே பானையில் வேகவைத்து, செத்தவர்களுக்கு வழிகாட்டும் ஹெர்மீஸுக்குப் படைப்பார்கள். குடியும் கும்மாளமும் ஆவிகளும் ஒரே விழாவில். பாதாள வரைபடத்தில் இதற்கு இடமே இல்லை. கீழே பூட்டி வைக்கப்பட்டவர்கள் எப்படி மேலே வருவார்கள்?

செத்தவருக்கு என்ன குறை

சடங்கைப் பார்த்தாயிற்று. இப்போது அடுத்த கேள்வி: அதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? இதற்குப் பதில் சொல்லும் கதைகளைத் தேடிப் படியுங்கள், நம்பிக்கை வெளிப்படுவது அங்கேதான்.

இலியட்டின் 23ஆம் பாகத்தில் செத்துப்போன பெட்ரோக்ளஸ், தூங்கிக்கொண்டிருக்கும் நண்பன் அக்கிலிஸின் தலைமாட்டில் வந்து நிற்கிறான். சீக்கிரம் என்னை எரித்துவிடு, நான் பாதாளத்தின் அரசர் ஹேடீஸின் வாசலைத் தாண்ட வேண்டும், மற்ற ஆவிகள் என்னை ஆற்றைக் கடக்க விடாமல் துரத்துகின்றன என்கிறான். அக்கிலிஸ் கட்டிப்பிடிக்கக் கை நீட்டுகிறான், ஆவி புகை மாதிரி மண்ணுக்குள் போய்விடுகிறது. இந்த ஒரு காட்சியை இரண்டு மூன்று முறை நிதானமாகப் படியுங்கள், கிரேக்கர்களின் பயம் என்ன என்பது இதில் முழுசாக இருக்கிறது. தண்டனை, நரகம் எதுவும் இங்கே பேச்சில் இல்லை, அந்தப் பக்கமும் போக முடியாமல் இந்தப் பக்கமும் இல்லாமல் நடுவில் நிற்பதுதான் பயம்.

வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்லும் கதை இன்னும் விநோதமானது. கொரிந்து நகரத்துக் கொடுங்கோலன் பெரியாண்டர், செத்துப்போன மனைவி மெலிசாவிடம் ஒரு விஷயம் கேட்பதற்காக ஆக்கெரோன் ஆற்றங்கரையில் உள்ள ஆவி அழைக்கும் இடத்துக்கு ஆள் அனுப்புகிறான். ஆவி வந்து பதில் சொல்ல மறுக்கிறது. எனக்குக் குளிர்கிறது, அம்மணமாக இருக்கிறேன், என்னோடு புதைத்த துணிகளை எரிக்கவில்லை, அதனால் அவை எனக்குப் பயன்படவில்லை என்கிறது. பெரியாண்டர் ஊர்ப் பெண்களை எல்லாம் கோயிலுக்கு வரச் சொல்லி, அவர்கள் உடுத்தி வந்த நல்ல துணிகளைக் கழற்ற வைத்து, குழியில் போட்டு எரிக்கிறான். இது நடந்ததா என்பது வேறு விஷயம். புதைத்தால் போதாது, எரித்தால்தான் துணி அவளிடம் போய்ச் சேரும் என்ற கணக்கை ஹெரோடோட்டஸின் காலத்து வாசகர்கள் புரிந்துகொண்டார்கள் என்பதே நமக்கு வேண்டிய தகவல்.

இது கதையோடு நின்ற பயமும் இல்லை. கி.மு. 406ல் ஆர்கினூசே கடற்போரில் ஏதென்ஸ் ஜெயித்தது. புயல் காரணமாக, மூழ்கிய கப்பல்களில் தத்தளித்தவர்களை மீட்க முடியவில்லை, பிணங்களையும் எடுக்க முடியவில்லை. வெற்றி பெற்ற தளபதிகள் எட்டுப் பேர் மீது ஊரே கொந்தளித்துத் தீர்ப்பு எழுதியது, கையில் கிடைத்த ஆறு பேரைக் கொன்றார்கள். அரசியல் கணக்குகளும் அதில் உண்டு, ஆனால் கரைக்கு வராத உடல்கள் இல்லாமல் அந்தக் கோபத்தை விளக்க முடியாது. சோபோகிளிஸின் நாடகத்தில் ஆண்டிகனி, அரசன் தடையை மீறித் தன் அண்ணன் உடல் மேல் கைப்பிடி மண் தூவியதற்காக உயிரை விடுவதையும் இதற்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

கி.மு. 430ல் கொள்ளைநோய் வந்தபோது, அடுத்தவர் அடுக்கி வைத்த சிதையில் தங்கள் பிணத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள் என்று வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார். நோயின் அறிகுறிகளை அவ்வளவு நிதானமாக விவரிக்கிற மனிதர், ஊர் சீர்குலைந்ததற்கு அடையாளமாகச் சொல்வதில் இதுவும் ஒன்று. 1990களில் ஏதென்ஸ் மெட்ரோ ரயில் வேலையின்போது, பழைய இடுகாடு இருந்த கெராமைகோஸ் பகுதியில் அந்தக் காலத்துப் பெருங்குழி ஒன்று கிடைத்தது, மேலே போகப் போக உடல்கள் அடுக்கின்றி எறியப்பட்டிருந்தன. அதில் இருந்த சுமார் 11 வயதுச் சிறுமியின் மண்டையோட்டிலிருந்து முகத்தை மீட்டுருவாக்கி அவளுக்கு மிர்டிஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். துசிடிடீஸின் வரிகளைப் படித்துவிட்டு அந்த முகத்தைப் பாருங்கள்.

கல்லையும் குடுவையையும் வாசிக்கும் முறை

நூல்கள் பெரும்பாலும் படித்த ஆண்கள் எழுதியவை. வீட்டுப் பெண்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு மிக அருகில் போக வேண்டுமானால் வெள்ளைப் பூச்சுள்ள லெகித்தோஸ் குடுவைகளைப் பாருங்கள். ஒல்லியான எண்ணெய்க் குடுவை, கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில் கல்லறைக்கென்றே செய்தது. அந்த வெள்ளைப் பூச்சும் வண்ணமும் சீக்கிரம் உதிரும், அதனால் தினசரிப் புழக்கத்துக்கு ஆகாது. பெரிய குடுவைகள் சிலவற்றின் உள்ளே கழுத்துக்குக் கீழே ஒரு சின்னக் கிண்ணம் ஒளிந்திருக்கும், கொஞ்சம் எண்ணெய் ஊற்றினாலே நிறைந்தது போலத் தெரியும். வசதி இல்லாத குடும்பமும் முறையாகச் செய்ய விரும்பியது என்று நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

குடுவையில் முதலில் நடுவில் இருக்கும் கல்லைத் தேடுங்கள். நாடா கட்டிய நடுகல் இருந்தால் அது கல்லறைக் காட்சி. ஒரு பக்கம் கூடையோடு வந்த பெண். மறு பக்கம் படியில் யாரோ அமைதியாக உட்கார்ந்திருப்பார், அல்லது நிற்பார், இவளைப் பார்க்காத மாதிரி. பல குடுவைகளில் அவர்தான் செத்தவர். குச்சி மாதிரி குட்டி உருவங்கள் இறக்கையோடு பறந்தால் அவை ஆவிகள். கல்லுக்குப் பதிலாகப் படகின் முனையும் நாணலும் தெரிந்தால், வருகிறவர் படகோட்டி கேரோன். கூம்புத் தொப்பியும் குட்டைத் துணியும் அணிந்த சாதாரண உழைப்பாளியாக அவரை வரைந்தார்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு குடுவையில் சின்னப் பையன் ஒருவன் தன் விளையாட்டு வண்டியோடு நிற்கிறான், கேரோன் காத்திருக்கிறார், பையன் அம்மாவைப் பார்த்துக் கை நீட்டுகிறான். கேரோனின் முகத்தில் கடுமை இல்லை. பிள்ளையைக் கூட்டிப்போக யாராவது ஒருவர் அங்கே இருக்க வேண்டும் என்ற ஆசையை அந்த ஓவியர் வரைந்திருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது.

கேரோன் ஹோமரில் கிடையவே கிடையாது என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள். படங்களில் அவர் வருவது கி.மு. 500ஐ ஒட்டித்தான்.

சரி, அந்த வாயில் வைக்கும் காசு? எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான், அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வழக்கம் உண்மை, ஆனால் தோண்டிய கல்லறைகளில் பெரும்பாலானவற்றில் காசு இல்லை, இருப்பவற்றிலும் எப்போதும் வாயிலேயே இருப்பதில்லை. அரிஸ்டோபேன்ஸின் ‘தவளைகள்’ நாடகத்தில், கி.மு. 405ல், கட்டணம் இரண்டு ஓபல், அது சிறிய வெள்ளிக்காசு. ஹெர்மியோனி ஊர்க்காரர்கள் தங்கள் ஊரிலிருந்து பாதாளத்துக்குக் குறுக்கு வழி உண்டு என்பதால் காசே வைப்பதில்லை என்று புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். ‘எல்லா கிரேக்கர்களும் காசு வைத்தார்கள்’ என்று மட்டும் எழுதாதீர்கள்.

நடுகற்களுக்கு வாருங்கள். இங்கே கவனிக்க வேண்டியது, என்ன சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்பது. மெரெண்டாவில் 1972ல் கிடைத்த ஃபிராசிக்ளியாவின் சிலை, கி.மு. 6ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. அதன் கீழே பொறித்திருப்பதன் பொருள்: இது ஃபிராசிக்ளியாவின் அடையாளம், நான் என்றும் கன்னி என்றே அழைக்கப்படுவேன், திருமணத்துக்குப் பதிலாகத் தெய்வங்கள் எனக்குத் தந்த பெயர் இது. கெராமைகோஸ் அருங்காட்சியகத்தில் ஆம்ஃபரேட்டி என்ற பாட்டியின் கல் இருக்கிறது, மடியில் கைக்குழந்தை. என் மகளின் குழந்தையை, நாங்கள் இருவரும் வெளிச்சத்தைப் பார்த்தபோது மடியில் வைத்திருந்தேன், இப்போது செத்த நான் செத்த குழந்தையை வைத்திருக்கிறேன் என்கிறது கல்வெட்டு. ஹெகெசோவின் கல்லில் அவள் உட்கார்ந்தபடி பெட்டியிலிருந்து ஒரு நகையை எடுத்துப் பார்க்கிறாள், அவ்வளவுதான். எத்தனையோ கற்களில் செத்தவரும் இருப்பவரும் கை கோத்து நிற்கிறார்கள். இலீசியமும் இல்லை, மறுபடி சந்திப்போம் என்ற வாக்குறுதியும் இல்லை. ஏதென்ஸ் கல்லறைக் கவிதைகளில் மிகப் பெரும்பாலானவை மறுமை பற்றி வாய் திறப்பதே இல்லை. இந்த மௌனத்தைப் பாதாள வரைபடத்தைக் கொண்டு நிரப்பாதீர்கள், அந்தக் குடும்பங்களுக்குச் செய்யும் அநியாயம் அது. இவர் இருந்தார், இப்படி இருந்தார், எங்களோடு இருந்தார் என்பதுதான் அவர்கள் கல்லில் எழுத விரும்பியது.

மௌனத்தைக் கலைக்கும் கல்லும் உண்டு. கி.மு. 432ல் பொட்டிடயாவில் செத்த ஏதென்ஸ் வீரர்களுக்கு ஊர் வைத்த கல், இவர்கள் உயிரை வானவெளி ஏற்றுக்கொண்டது, உடலை மண் ஏற்றுக்கொண்டது என்கிறது. ஊர்ப் பணத்தில் பொறித்த பொதுக் கல்லே ஹேடீஸை விட்டுவிட்டு மேலே கை காட்டுகிறது.

அப்புறம் ஹோமர்

இவ்வளவுக்குப் பிறகு ஒடிசியின் 11ஆம் பாகத்தைத் திறங்கள். ஒடிசியஸ் கடலின் விளிம்பில், சூரியனே படாத ஊரில் ஒரு குழி தோண்டுகிறான், பாலும் தேனும் கலந்தது, மது, தண்ணீர் என்று வரிசையாக ஊற்றி மாவு தூவுகிறான், ஆடுகளின் ரத்தத்தைக் குழியில் விடுகிறான். நீங்கள் ஏற்கெனவே பார்த்த கல்லறைப் படையல்தான் இது, அளவு மட்டும் பெரிது. ரத்தம் குடித்தால்தான் ஆவிகளுக்கு நினைவு வருகிறது. அம்மா அண்டிக்ளியா எதிரில் வருகிறாள், ஊரை விட்டுக் கிளம்பியபோது உயிரோடு இருந்தவள், மகனை நினைத்து ஏங்கியே செத்தவள். மூன்று முறை கட்டிப்பிடிக்கப் பார்க்கிறான், மூன்று முறையும் நழுவிப் போகிறாள். அக்கிலிஸ் வருகிறான். செத்தவர்களுக்கெல்லாம் ராஜாவாக இருப்பதைவிட, நிலம் இல்லாத ஏழையிடம் கூலியாளாக இருப்பது மேல் என்கிறான். கிரேக்கர்களின் மாபெரும் வீரன் வாயில் வருகிற வார்த்தை இது.

இங்கே தண்டனை பெறுகிறவர்கள் டாண்டலஸ், சிசிபஸ், டிட்டியோஸ் என மூன்றே பேர், மூவரும் தெய்வங்களோடு மோதியவர்கள். சாதாரண மனிதனின் பாவ புண்ணியத்தை யாரும் எடை போடவில்லை. மைனோஸ் தீர்ப்புச் சொல்கிறார், ஆனால் அது செத்தவர்களுக்குள் வரும் வழக்குகளுக்கு. இலீசிய வெளி 4ஆம் பாகத்தில் வருகிறது, மெனிலேயஸுக்குக் கிடைக்கிறது, காரணம் அவன் தெய்வங்களின் தலைவர் ஜீயஸின் மகளை மணந்தவன். நல்லவன் என்பதற்காக இல்லை.

முரண்பாடு வரும்போது பயப்பட வேண்டாம். 11ஆம் பாகத்தில் ஒடிசியஸின் செத்துப்போன தோழன் எல்பெனோர் தன்னைப் புதைக்கச் சொல்லிக் கெஞ்சுகிறான், பெட்ரோக்ளஸ் கேட்டது போலவே. 24ஆம் பாகத்திலோ உடல்கள் இன்னும் வீட்டில் கிடக்கும்போதே ஒடிசியஸின் மனைவியை மணக்க வந்து கொல்லப்பட்டவர்களின் ஆவிகளை ஹெர்மீஸ் நேராகக் கீழே கூட்டிப்போகிறார், அவர்கள் அங்கே உள்ளவர்களோடு பேசவும் செய்கிறார்கள். தண்டனைக் காட்சிகள் இடையில் சேர்க்கப்பட்டவை என்று பழங்கால உரைகாரர்களே சந்தேகப்பட்டார்கள். எது சரி என்று தீர்க்கப் பார்க்காதீர்கள். இரண்டையும் எழுதி, பாக எண்ணையும் பக்கத்தில் போட்டு வையுங்கள்.

ஹேடீஸைச் சாத்தான் மாதிரியோ நம்முடைய எமன் மாதிரியோ எழுதுகிற பழக்கத்தையும் இந்த இடத்தில் விட்டுவிடுங்கள். அவர் யாருடைய உயிரையும் எடுக்க வருவதில்லை, யாருடைய கணக்கையும் பார்ப்பதில்லை. ஜீயஸ், பொசைடன், அவர் என மூன்று சகோதரர்கள் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொண்டதில் கீழுலகம் அவர் பங்குக்கு வந்தது. கடுமையானவர், யாருக்கும் இணங்காதவர், ஆனால் கெட்டவர் என்று அவர்கள் சொல்லவில்லை. அவருக்கு வழிபாடு மிகக் குறைவு. எலிஸில் இருந்த கோயிலை வருஷத்துக்கு ஒரு முறைதான் திறந்தார்கள் என்று பயணி பௌசானியஸ் எழுதியிருக்கிறார்.

எலூசிஸும் தங்கத் தகடுகளும்

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், நேரம் குறைவாக இருந்தால் மற்றதைக் குறைத்துக்கொண்டு இங்கே தங்குங்கள்.

ஹோமரின் இருட்டு எல்லாருக்கும் போதவில்லை. ஏதென்ஸிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி எலூசிஸில் தானியத் தெய்வம் டிமீட்டருக்கும் அவள் மகள் பெர்சிஃபனிக்கும் ரகசியத் திருவிழா நடந்தது. இலையுதிர் காலத் தொடக்கத்தில் ஊர்வலமாக நடந்துபோய், இரவில் பெரிய மண்டபத்துக்குள் எதையோ பார்த்தார்கள். ஆண், பெண், அடிமை, வெளியூர்க்காரர் யாரும் சேரலாம், கிரேக்கம் தெரிந்திருக்க வேண்டும், கையில் கொலைப்பழி இருக்கக் கூடாது. டிமீட்டர் துதிப்பாடல், இதைக் கண்டவர் பாக்கியசாலி, காணாதவருக்குக் கீழே அதே பங்கு கிடையாது என்கிறது. உள்ளே என்ன நடந்தது என்று தீட்சை வாங்கியவர்கள் வெளிப்படையாக எழுதவில்லை, அந்த வாக்கு கிட்டத்தட்ட ஆயிரம் ஆண்டு காப்பாற்றப்பட்டது. இன்று யாராவது உறுதியாக விவரித்தால் நம்பாதீர்கள்.

அந்தக் காலத்திலேயே இதைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு. தீட்சை வாங்கிய திருடனுக்கு நல்ல இடம், தீட்சை வாங்காத மாபெரும் தளபதி எபமினோண்டஸுக்குச் சேறா என்று தத்துவவாதி டயோஜினிஸ் கேட்டதாகச் சொல்வார்கள்.

தங்கத் தகடுகள் வேறு வகை. விரல் நீளம்கூட இல்லாத மெல்லிய தகடு, சுருட்டியோ மடித்தோ செத்தவர் மேல் வைத்தது. தெற்கு இத்தாலி, தெசலி, கிரீட் என்று பல இடங்களில் கிடைத்திருக்கின்றன. ஹிப்போனியோனில் 1969ல் கிடைத்தது ஒரு பெண்ணின் கல்லறையில், கி.மு. 400ஐ ஒட்டியது. அதில் எழுதியிருப்பது வழிக்குறிப்பு. ஹேடீஸின் வீட்டில் வலது பக்கம் ஒரு ஊற்று இருக்கும், பக்கத்தில் வெள்ளை சைப்ரஸ் மரம், அங்கே போகாதே. இன்னும் தள்ளிப் போ, நினைவின் ஏரியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் ஓடும், காவலர்கள் கேட்பார்கள். அவர்களிடம் சொல்: நான் மண்ணின் பிள்ளை, விண்மீன் நிறைந்த வானின் பிள்ளை, தாகத்தால் வறண்டு சாகிறேன், நினைவின் தண்ணீரைக் கொடுங்கள்.

ஒடிசியின் ரத்தக் குழிக்கு உடனே திரும்பிப் போய்ப் பாருங்கள். அங்கே நினைவு வேண்டுமானால் உயிரோடு இருக்கிறவன் வந்து ஊற்ற வேண்டும். இங்கே அந்தப் பெண் யாருக்காகவும் காத்திருக்கவில்லை, சொல்ல வேண்டியதைத் தெரிந்துகொண்டு தானே கேட்டு வாங்கிக் குடிக்கப் போகிறாள். மறப்பதுதான் இரண்டாவது சாவு என்ற பயம் இரண்டிலும் ஒன்றே. 1980களில் தெசலியின் பெலின்னாவில் கிடைத்த இலை வடிவத் தகடுகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன: இப்போது செத்தாய், இப்போது பிறந்தாய், மும்முறை பாக்கியம் பெற்றவளே, இதே நாளில்.

தத்துவவாதிகளைக் கடைசியில் வையுங்கள்

பிளேட்டோவை முதலில் படித்தால் எல்லா கிரேக்கர்களும் ஆன்மா அழியாது என்று நம்பியதாகத் தோன்றும். அவரே அப்படிச் சொல்லவில்லை. ‘ஃபீடோ’வில் சாக்ரடீஸிடம் கெபீஸ் சொல்கிறான்: உடலை விட்டதும் ஆன்மா மூச்சு போல, புகை போலக் கலைந்துவிடும் என்றுதான் மனிதர்கள் பயப்படுகிறார்கள். பெட்ரோக்ளஸ் புகையாகப் போனது நினைவு வருகிறதா? கேட்பவர்கள் அந்தப் பயத்தோடு உட்கார்ந்திருப்பதால்தான் சாக்ரடீஸ் அவ்வளவு நேரம் வாதாட வேண்டியிருக்கிறது. கி.மு. 399ல் நடந்த விசாரணையில் அவர் பேசியதாகப் பிளேட்டோ எழுதிய உரையில் இன்னும் எளிமை: சாவு ஒன்று கனவில்லாத தூக்கம், இல்லையென்றால் வேறு இடத்துக்குக் குடிபெயர்தல், இரண்டுமே நல்லதுதான்.

நடுவராக மூவர், பாவத்துக்குத் தண்டனை, மறுபிறப்பு எல்லாம் பிளேட்டோவின் கதைகளில் விரிவாக வருகின்றன. ‘குடியரசு’ நூலின் கடைசியில் எர் என்ற வீரன் செத்துப் பன்னிரண்டாம் நாள் சிதையில் எழுந்து, ஆன்மாக்கள் அடுத்த பிறவியைத் தாங்களே தேர்ந்தெடுப்பதைப் பார்த்ததாகச் சொல்கிறான். ஒடிசியஸின் ஆன்மா தேடித் தேடி எடுப்பது யாரும் கவனிக்காத ஒரு சாதாரண மனிதனின் வாழ்க்கை. மறுபிறப்பு பித்தாகரஸ் பெயரோடும் ஒட்டியது, ஆனால் சிறு வட்டங்களின் நம்பிக்கை அது, ஊர் முழுக்க நம்பியதில்லை. எதிர்ப் பக்கம் எபிகூரஸ், கி.மு. 341 முதல் 270 வரை: நாம் இருக்கும்போது சாவு இல்லை, சாவு வரும்போது நாம் இல்லை.

இவர்கள் எல்லாரையும்விட சாதாரண ஏதென்ஸ்காரரின் மனம் கேட்கும் இடம் ‘குடியரசு’ நூலின் முதல் பகுதியில் இருக்கிறது. வயதான கெஃபாலஸ் சொல்கிறார்: ஹேடீஸ் பற்றிய கதைகளை இத்தனை நாள் சிரித்து ஒதுக்கியவனுக்கும், சாவு பக்கத்தில் வந்ததாகத் தோன்றும்போது, ஒருவேளை உண்மையோ என்று உள்ளே குடையும், யாருக்காவது அநியாயம் செய்தோமா என்று கணக்குப் பார்ப்பான். அந்த ஒரு பத்திக்காகவே அந்த நூலை முதல் பக்கத்திலிருந்து தொடங்கலாம்.

ஏதென்ஸுக்கு நேரில் போகும் வாய்ப்பு இருந்தால் முதலில் கெராமைகோஸ் போங்கள், பிறகு தேசிய அருங்காட்சியகம். கெராமைகோஸின் கல்லறைத் தெருவில் நிற்கும் பெரிய கற்களில் பல நகல்கள். ஹெகெசோவின் மூலக் கல் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ஆம்ஃபரேட்டியும் குதிரை வீரன் டெக்சிலியோஸும் கெராமைகோஸின் சின்ன அருங்காட்சியகத்திலேயே இருக்கிறார்கள். டெக்சிலியோஸின் கல்லில் பிறந்த ஆண்டும் செத்த ஆண்டும் பொறித்திருக்கிறது, கி.மு. 414, 394, இருபது வயது. அந்தக் கற்களில் இப்படி இரண்டு ஆண்டையும் எழுதுவது மிக அரிது. கி.மு. 317ஐ ஒட்டி, அப்போது ஏதென்ஸை ஆண்ட டெமிட்ரியஸ் ஆடம்பரக் கல்லறைகளைத் தடை செய்தபின் வந்தவை குட்டையான வெறும் தூண்கள், பெயர் மட்டும் இருக்கும், பலர் அவற்றைத் தாண்டிப் போய்விடுவார்கள். நின்று பெயர்களைப் படியுங்கள். லெகித்தோஸ் குடுவைகள் முன்னால் போய் நிற்கும்போது கண்ணாடிப் பெட்டியின் இரண்டு பக்கமும் சுற்றிப் பாருங்கள், செத்தவர் ஒரு பக்கமும் பார்க்க வந்தவர் மறு பக்கமுமாக வளைவில் பிரிந்திருப்பார்கள், ஒரே இடத்தில் நின்றால் ஒருவர்தான் தெரிவார்.